பருத்தித் துணிக்கு வீட்டிலேயே சாயம்: போகாமலும் வெளுக்காமலும் போடுவது எப்படி?

புதுத் துணி வாங்கினால் முதல் தடவை கல்லுப்புத் தண்ணீரில் ஊறப்போடச் சொல்வார்கள். ஊறிய பிறகு பார்த்தால் தண்ணீர் அவ்வளவாகக் கலங்கியிருக்காது. சாயம் நின்றுவிட்டது என்று நம்பி அடுத்த வாரம் வெறும் தண்ணீரில் அலசினால் வாளி சிவந்துவிடும். உப்பின் வேலையே அவ்வளவுதான். உப்புத் தண்ணீரில் சாயம் கரையத் தயங்கும்; அதனால் துணியிலேயே ஒண்டிக் கிடக்கும். உப்பு போனதும் சாயமும் கிளம்பிவிடும்.

சாயம் துணியை விட்டுப் போவதில் இரண்டு வகை உண்டு. தண்ணீரில் கரைந்து போவது ஒன்று. வெயிலில் வெளுப்பது இன்னொன்று. முதலாவதில் சாய மூலக்கூறு முழுசாக இருக்கிறது, துணியைப் பிடித்திருந்த பிடி மட்டும் விட்டுவிடுகிறது. இரண்டாவதில் பிடி அப்படியே இருக்கிறது, மூலக்கூறு உடைந்துவிடுகிறது. ஒன்றுக்கான மருந்து மற்றதற்கு உதவாது. சாயம் போடக் கற்றுக்கொள்ள வருபவர்கள் பெரும்பாலும் குழம்புவது இந்த இடத்தில்தான்.

பருத்தியைச் சாயம் எப்படிப் பிடிக்கிறது?

நான்கு வழிகளைத் தெரிந்துகொண்டால் போதும்.

நேரடிச் சாயம் எதுவும் செய்யாமல் இழைமேல் படுத்துக்கொள்ளும். 1884இல் வந்த காங்கோ ரெட்தான் இந்த வகையில் முதலாவது. போடுவதற்குச் சுலபம், போவதற்கும் சுலபம். கடைகளில் சின்னப் பொட்டலங்களாக, ‘கொதிக்கவைத்து உப்பு போடவும்’ என்று எழுதி விற்பவை பெரும்பாலும் இவைதான்.

இரண்டாவது, உலோகத்தை இடையில் வைத்துக் கட்டுவது. நம் ஊர்ப் பழைய சிவப்பு இப்படித்தான் நின்றது. கடுக்காய்த் துவர்ப்பு ஏற்றிய துணியில் படிகாரத்தை ஏற்றுவார்கள். பிறகு சாயவேர்க் கஷாயத்தில் காய்ச்சுவார்கள். வேரிலிருக்கும் அலிசரின் படிகாரத்தின் அலுமினியத்தோடு சேர்ந்து கரையாத சிவப்பாகிவிடும். சோழமண்டலக் கரைத் துணிகளின் சிவப்புக்கு இருந்த பேர் இந்த அலுமினியத்தால் வந்தது.

மூன்றாவது, கரையாத சாயத்தைத் தற்காலிகமாகக் கரையவைத்து இழைக்குள் அனுப்புவது. அவுரி நீலம் இந்த ரகம். ஆக்சிஜனைப் பறித்த தொட்டியில் அது கரைந்து துணிக்குள் போகும். காற்றுப் பட்டதும் மறுபடி கரையாத நீலமாக உள்ளேயே தங்கிவிடும். இதே வழியில் வேலை செய்யும் இண்டாந்த்ரோன் நீலத்தை 1901இல் ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் நிறுவனத்தில் ரெனே போன் கண்டுபிடித்தார். வெயிலுக்கும் சலவைக்கும் சேர்த்து அசையாத சாயம் வேண்டுமென்றால் இன்றும் அந்தக் குடும்பம்தான். ஆனால் அதற்குக் காஸ்டிக் சோடாவும், ஆக்சிஜனைப் பறிக்கும் ஹைட்ரோஸ் தூளும் வேண்டும். முதல்முறை செய்பவர் கையில் அவற்றைக் கொடுக்க எனக்கு மனசில்லை.

நான்காவதுதான் நாம் செய்யப்போவது: ரியாக்டிவ் சாயம். இது இழையோடு வேதிவினை புரிந்து, இழையின் மூலக்கூறிலேயே ஒரு பகுதியாகிவிடுகிறது. 1954இல் இங்கிலாந்தின் ஐசிஐ நிறுவனத்தில் ராட்டி, ஸ்டீபன் என்ற இருவர் இதைப் பருத்தியில் செய்துகாட்டினார்கள். 1956இல் ‘ப்ரோசியான்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. இங்கிலாந்து வேதியியலாளர் பெர்கின் முதல் செயற்கைச் சாயத்தைக் காய்ச்சிச் சரியாக நூறு வருஷம் கழித்து.

பருத்தியின் செல்லுலோஸ் நெடுகிலும் ஹைட்ராக்ஸில் தொகுதிகள் இருக்கின்றன. காரம் சேர்ந்தால் அவற்றில் சில ஹைட்ரஜனை இழந்து மின்சுமை ஏறி, வினைக்குத் தயாராகும். சாயத்தின் ஒரு முனையில் குளோரின் தாங்கிய வளையம் இருக்கிறது. செல்லுலோஸ் அந்தக் குளோரினைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் தான் ஒட்டிக்கொள்ளும். இது சகப்பிணைப்பு. தண்ணீரோ சோப்போ இதை லேசில் பிரிக்காது.

ஒரு வில்லங்கம் உண்டு. அதே காரத்தில் தண்ணீரும் சாயத்தோடு வினைபுரியும். அப்படித் தண்ணீரோடு சேர்ந்துவிட்ட சாயம் செத்த சாயம். நிறம் அதே நிறம்தான், ஆனால் இனி எதோடும் பிணையாது. வாளியில் போட்ட சாயத்தில் பெரும்பாலும் 60 முதல் 80 சதவீதம்தான் துணியோடு பிணையும். மிச்சம் செத்த சாயமாக இழைமேல் ஒட்டிக்கொண்டு நிற்கும். ‘ரியாக்டிவ் போட்டும் சாயம் போகிறதே’ என்று புலம்புகிறவர்கள் பார்ப்பது இதைத்தான்.

என்னென்ன வாங்க வேண்டும்?

ரியாக்டிவ் சாயத்தில் கோல்டு (cold) பிராண்டு அல்லது எம் வகை என்று கேளுங்கள். இவை 30 முதல் 40 டிகிரியில் வேலை செய்யும். நம் ஊர் வெக்கையில் அடுப்பே வேண்டாம். ஹெச் வகை 80 டிகிரி கேட்கும். விஎஸ் வகைக்கு 60 டிகிரி. மூன்றையும் ஒரே வாளியில் கலக்காதீர்கள். ஈரோடு, திருப்பூர், கரூர்ச் சாயக் கடைகளில் இந்தப் பெயர்கள் எல்லோருக்கும் தெரியும். கம்பெனிக்குக் கம்பெனி நிறத்தின் பெயர் மாறும் என்பதால் பொது எண்ணையும் கேட்டுக் குறித்துக்கொள்வது நல்லது: ரியாக்டிவ் ரெட் 2, ரியாக்டிவ் புளூ 4 என்பதுபோல. வெயில் பற்றிப் பேசும்போது இந்த எண் உதவும்.

கொஞ்சமாக வாங்குங்கள். காற்றிலுள்ள ஈரமே இந்தத் தூளை மெல்லக் கொல்லும். மழைக்காலம் தாண்டிய திறந்த டப்பா பார்க்க நன்றாகத்தான் இருக்கும், துணியில் பாதி நிறம்கூட ஏறாது. காற்றுப் புகாத டப்பாவில், ஈரமில்லாத இடத்தில் வையுங்கள்.

காரத்துக்குச் சோடா ஆஷ், அதாவது நீரில்லாத வாஷிங் சோடாத் தூள். மளிகைக் கடை வாஷிங் சோடா படிகமாக இருந்தால் அதில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். அதை வாங்கினால் சொன்ன அளவைப்போல இரண்டே முக்கால் மடங்கு போட வேண்டும். ஆப்ப சோடா வேண்டவே வேண்டாம். நமக்குப் பிஎச் 10.5 வாக்கில் தேவை. ஆப்ப சோடா 8-ஐத் தாண்டுவதே பெரிய விஷயம்.

உப்புக்குக் கல்லுப்பைத் தவிர்க்கலாம். அதிலிருக்கும் மக்னீசியமும் கால்சியமும் சோடாவோடு சேர்ந்து வெள்ளைப் பொருக்காகத் துணிமேல் படியும். பாக்கெட் தூளுப்போ சாயக் கடைக் கிளாபர் உப்போ (சோடியம் சல்பேட்) போதும். போர்த் தண்ணீர் உப்பும் சுண்ணாம்புமாக இருக்கும் ஊர்களில் மழைத்தண்ணீரையோ ஆர்ஓ தண்ணீரையோ எடுங்கள். வழியில்லையென்றால் தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்கும் காலகான் தூளை லிட்டருக்கு ஒரு கிராம் சேர்க்கலாம்.

பிளாஸ்டிக் வாளி அல்லது எவர்சில்வர் பாத்திரம். அலுமினியத்தைச் சோடா அரித்துவிடும். சாயத்துக்கு எடுத்த பாத்திரம் மறுபடி சமையலறைக்குப் போகக் கூடாது. கையுறை வேண்டும், அதைவிட முக்கியமாக முகக்கவசம் வேண்டும். ரியாக்டிவ் தூள் புரதத்தோடும் வினைபுரியும். மூச்சில் தொடர்ந்து போனால் ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் வரலாம். தூளை நிறுக்கும்போது மின்விசிறியை நிறுத்துங்கள்.

துணியைத் தயார்படுத்துவது

முதலில் அது பருத்திதானா என்று பாருங்கள். ஓரத்திலிருந்து இரண்டு இழை உருவிக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். உருகிக் கெட்டி மணியாகத் திரண்டால் பாலியெஸ்டர். இந்தச் சாயம் அதில் ஏறாது. தைத்த சட்டையாக இருந்தால் தையல் நூல் அநேகமாகப் பாலியெஸ்டர்தான். துணி சிவந்தாலும் தையல் வெள்ளையாகவே நிற்கும்.

காடாத் துணியில் கஞ்சியும் பருத்தியின் இயற்கை மெழுகும் இருக்கும். லிட்டருக்கு 2 கிராம் சோடா ஆஷும் கொஞ்சம் சோப்புத் தூளும் போட்டு முக்கால் மணி நேரம் கொதிக்கவைத்து நன்றாக அலசுங்கள். தண்ணீர் டீ நிறத்தில் வரும். காய்ந்தபின் மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று நொடியில் உள்ளே இழுத்தால் சரி. சொட்டு உருண்டு நின்றால் இன்னொரு தடவை கொதிக்கவையுங்கள். திட்டுத் திட்டாகச் சாயம் பிடிப்பதற்குப் பாதிக் காரணம் இந்தப் படியில் காட்டும் அவசரம்தான்.

கணக்கு

எல்லாக் கணக்கும் காய்ந்த துணியின் எடையிலிருந்து தொடங்கும். வெளிர் நிறத்துக்கு எடையில் அரை முதல் 1 சதவீதம் சாயம், நடுத்தரத்துக்கு 2, அடர்த்திக்கு 4, கறுப்புக்கு 6 முதல் 8. துணியைப்போல 20 மடங்கு தண்ணீர்.

அரைக் கிலோ துணிக்கு நடுத்தர நிறமென்றால்: சாயம் 10 கிராம், தண்ணீர் 10 லிட்டர், உப்பு 500 கிராம், சோடா ஆஷ் 100 கிராம். சாயத்தைக் கரண்டிக் கணக்கில் போடாதீர்கள். நிறத்துக்கு நிறம் தூளின் கனம் வேறு. ஒரு கிராம் வரை காட்டும் சின்ன எடைமானி போதும்.

சாயம் போடுவது

சாயத்தூளைக் கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் குழைத்து, பிறகு வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக் கரையுங்கள். கொதிக்கிற தண்ணீரை ஊற்றாதீர்கள், சாயம் அங்கேயே சாக ஆரம்பிக்கும். கரைசலைப் பழைய துணியில் வடிகட்டி வாளித் தண்ணீரில் கலந்து, நனைத்துப் பிழிந்த துணியை அதில் போட்டுக் கிளறுங்கள்.

பத்து நிமிடம் கழித்து உப்பு. மொத்தத்தையும் கொட்டாமல் மூன்று பங்காக, ஐந்து நிமிட இடைவெளியில், ஒவ்வொரு தடவையும் துணியை ஒதுக்கிவிட்டுச் சேருங்கள். பருத்திக்குத் தண்ணீரில் லேசான எதிர்மின்சுமை உண்டு, சாயத்துக்கும் எதிர்மின்சுமைதான். இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். உப்பு அந்தத் தள்ளலை மட்டுப்படுத்திச் சாயத்தைத் துணிப்பக்கம் ஒதுக்கும். இந்த இருபது முப்பது நிமிடமும் கையெடுக்காமல் கிளற வேண்டும். நிறம் ஒரே சீராக வருவது இப்போதுதான் முடிவாகிறது. பிணைப்பு இன்னும் நடக்கவில்லை என்பதால் திட்டு விழுந்தாலும் கிளறிக் கிளறிச் சரிசெய்துவிடலாம்.

பிறகு சோடா. தனிப் பாத்திரத்தில் வெந்நீரில் முழுக்கக் கரைத்து ஆறவைத்துக்கொள்ளுங்கள். துணியை ஒதுக்கி, பாதியை ஊற்றிக் கிளறி, ஐந்து நிமிடம் விட்டு மீதியை ஊற்றுங்கள். இந்த நொடியிலிருந்து கடிகாரம் ஓடுகிறது: சாயம் துணியோடும் பிணைகிறது, தண்ணீரிலும் சாகிறது. 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை கிளறினால் போதும். டர்க்காய்ஸ் மட்டும் விதிவிலக்கு. அதன் மூலக்கூறு பெரியது, மெல்ல நகரும். அதற்கு இன்னும் கொஞ்சம் சூடும் நேரமும் கொடுங்கள்.

வாளியில் மிச்சமிருக்கும் அடர்நிறத் தண்ணீரைப் பார்த்து ‘இன்னொரு துணி போடலாமே’ என்று ஆசை வரும். அதிலிருப்பது செத்த சாயம். போட்டால் நிறம் ஏறுவதுபோலத்தான் தெரியும், முதல் சலவையில் அத்தனையும் போய்விடும்.

அலசுவது: நிஜமான வேலை

சாயம் போட ஒன்றரை மணி நேரம் என்றால் அலச அதைவிடக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். துணியின் பேர் கெடுவதும் நிலைப்பதும் இங்கேதான். வரிசை முக்கியம்.

முதலில் பச்சைத் தண்ணீரில் மூன்று நான்கு தடவை அலசல். இதில் வெளியேற வேண்டியது உப்பும் சோடாவும். உப்பு இருக்கும்வரை செத்த சாயம் இழையை விட்டு இறங்காது; தொடக்கத்தில் சொன்ன அதே கதைதான். அலசிய தண்ணீரை விரலால் தொட்டால் வழவழப்பு இருக்கக் கூடாது. வினிகர் போட வேண்டாம். எம் வகைச் சாயத்துக்கும் பருத்திக்குமான பிணைப்பு அமிலத்தில் மெல்ல அறுபடக் கூடியது. நன்றாக அலசினாலே போதும்.

அடுத்து சுடுதண்ணீர் அலசல். பிறகு லிட்டருக்கு 2 கிராம் சோப்புத் திரவம் போட்டுக் கொதிநிலையை ஒட்டிப் பத்துப் பதினைந்து நிமிடம். பாத்திரம் கழுவும் திரவமே போதும், பிளீச் கலந்த சலவைத் தூள் ஆகாது. இந்தச் சூட்டில்தான் செத்த சாயம் இழைக்குள்ளிருந்து வெளியே வரும். தண்ணீர் கறுகறுவென்று மாறும்போது மனசு பதறும். பதறாதீர்கள், இறங்குவது எப்படியும் இறங்க வேண்டியதுதான். கொட்டிவிட்டு வெந்நீரில் அலசி, மறுபடி கொதிசோப்பு. அடர் சிவப்புக்கும் கறுப்புக்கும் மூன்று தடவைகூட ஆகலாம்.

முடிந்ததா என்று தெரிந்துகொள்ள, ஈரத் துணியின் ஒரு மூலையை இரண்டு வெள்ளைப் பருத்தித் துணிகளுக்கு நடுவில் வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். வெள்ளையில் நிறம் இறங்கினால் இன்னொரு கொதிசோப்பு. இறங்காவிட்டால் இனி வெள்ளைச் சட்டையோடு சேர்த்தே துவைக்கலாம்.

‘ஃபிக்ஸர்’ என்று ஒரு திரவம் விற்கிறார்கள். நேர்மின்சுமை உள்ள அது, எதிர்மின்சுமை உள்ள சாயத்தைக் கரையாமல் பிடித்துவைக்கும். நேரடிச் சாயத்துக்கு உதவும். ரியாக்டிவுக்கு இதைப் போடுவது செத்த சாயத்தை உள்ளேயே வைத்துப் பூட்டுவதற்குச் சமம். வெயில் தாங்கும் திறனையும் சில சாயங்களில் இது குறைத்துவிடும்.

வாளித் தண்ணீரைச் செடிக்கோ தென்னை மரத்துக்கோ ஊற்றாதீர்கள். நிறத்தைவிட உப்பு மோசம். போட்ட அரைக்கிலோ உப்பில் ஒரு கிராம்கூடத் துணியில் தங்குவதில்லை, அப்படியே வெளியே போகிறது. நொய்யல் ஆறும் ஒரத்துப்பாளையம் அணையும் கெட்டதில் இந்த உப்புக்குப் பெரிய பங்கு. 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதற்குப் பின்னால் இருந்ததும் இந்தக் கழிவுநீர்தான். வெளிர் நிறத்துக்கு உப்பைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம்.

இனி வெயில்

இவ்வளவும் ஒழுங்காகச் செய்த துணி தண்ணீருக்கு அசையாது. ஆனால் மொட்டைமாடிக் கொடியில் ஒரு கோடை காய்ந்தால் தோள்பட்டை வெளுத்திருக்கலாம். உங்கள் அலசலில் குறையில்லை; சாயத்தின் உடம்பு அப்படி.

வெளிச்சத்தை உறிஞ்சுவதால்தான் சாயத்துக்கு நிறமே வருகிறது. உறிஞ்சிய ஆற்றலின் பெரும்பகுதி வெப்பமாக வெளியேறிவிடும். எப்போதாவது ஒரு மூலக்கூறு அந்த ஆற்றலோடு இருக்கும்போது பக்கத்தில் ஆக்சிஜனும் ஈரமும் மாட்டினால் அது சிதைந்துவிடும். நிறம் தரும் அமைப்பு அறுந்தால் நிறம் இல்லை. மஞ்சள்கறை பட்ட வேட்டியைச் சோப்பு போட்டு வெயிலில் காயவைத்தால் கறை மறைகிறதே, அதே வினைதான். மஞ்சளிலுள்ள குர்குமினுக்கு வெளிச்சம் துளியும் ஆகாது.

இதை அளக்க ஒரு நீலக் கம்பளி அளவுகோல் இருக்கிறது. 1 முதல் 8 வரை எட்டுத் துண்டுகள்; ஒவ்வொன்றும் வெளுக்க முந்தையதைப்போலச் சுமார் இரண்டு மடங்கு வெளிச்சம் எடுக்கும். ஆகவே 4-க்கும் 6-க்கும் உள்ள வித்தியாசம் நாலு மடங்கு. சலவை உறுதிக்கான அளவுகோல் 5-இல் முடிந்துவிடும். கடைக்காரர் ‘ஃபாஸ்ட்னஸ் 5’ என்றால் எதற்கு 5 என்று கேளுங்கள். சலவைக்கு 5 என்றால் உச்சம், வெயிலுக்கு 5 என்றால் நடுத்தரம்.

எந்தச் சாயம் தாங்கும் என்பது அதன் அமைப்பைப் பொறுத்தது. சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சளில் பெரும்பாலானவை அசோ வகை. இரண்டு நைட்ரஜன் அணுக்கள் சேர்ந்த பாலம்தான் நிறத்துக்கு ஆதாரம், உடைவதும் பெரும்பாலும் அங்கேதான். ரியாக்டிவ் ரெட் 2 இந்த இனம். ரியாக்டிவ் புளூ 4, ரியாக்டிவ் புளூ 19 இரண்டும் ஆந்த்ரகுவினோன் வகை, அலிசரினின் உறவு. இறுக்கமான வளையங்களால் ஆனவை என்பதால் பொதுவாகக் கூடுதல் வெயில் தாங்கும். டர்க்காய்ஸின் உள்ளே செம்பு வைத்த தாலோசயனின் இருக்கிறது, அதுவும் தெம்பானதுதான். இண்டாந்த்ரோன் மாதிரித் தொட்டிச் சாயங்கள் 7, 8 வரை போகும்.

ஒரே சாயத்தில் வெளிர் நிறம் அடர்நிறத்தைவிடச் சீக்கிரம் வெளுக்கும். இழக்கும் அளவு ஒன்றே என்றாலும் கொஞ்சமாக இருக்கும் இடத்தில் இழப்பு பளிச்சென்று தெரியும். ஆகவே ஜன்னல் திரைக்கு இளஞ்சிவப்பு வேண்டாம், அடர்நீலம் போடுங்கள். ஈரமும் வெயிலும் சேர்ந்தால் சேதம் கூடும். துணியை உட்புறம் வெளியே திருப்பி நிழலில் காயவைப்பது அதனால்தான். குளோரின் பிளீச் அசோ பாலத்தை வெயிலைவிட வேகமாக அறுக்கும், ஒரு மூடி போதும்.

கலவை நிறங்களில்தான் கூடுதல் கவனம். மஞ்சளும் நீலமும் கலந்து பச்சை செய்தால், மஞ்சள் 4-ம் நீலம் 6-மாக இருக்கும் பட்சத்தில், வருஷம் போகப்போக அது வெளிர்பச்சையாகாது, நீலத்தின் பக்கம் சாயும். கலப்பதற்கு முன் இரண்டின் வெயில் எண்ணும் ஒன்றையொன்று ஒட்டி இருக்கிறதா என்று சாயக் கடையின் நிற அட்டையில் பாருங்கள். அட்டை கிடைக்காவிட்டால் நீங்களே சோதிக்கலாம். கலவையிலும் அதன் ஒவ்வொரு சாயத்திலும் ஒரு துண்டு, ஒரே அடர்த்தியில் போட்டு, அட்டையில் ஒட்டி, பாதியை அலுமினியத் தாளால் மூடி மொட்டைமாடியில் மழை படாத இடத்தில் வையுங்கள். வாரத்துக்கு ஒருமுறை தாளைத் தூக்கிப் பாருங்கள். எது முதலில் மூடிய பாதியிலிருந்து வேறுபடுகிறதோ, அந்தச் சாயத்தின் எண்ணைக் குறித்துவைத்து, அடுத்த தடவை அதற்குப் பதில் வேறு எண் வாங்குங்கள்.